ஏரி திருப்பித் தராத சொல்

ஏரிக்குப் போகலாம் என்று முதலில் வாயைத் திறந்தது நாத்தனார்தான். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, தன்னாலேயே போய் வந்துவிட முடியும் என்றால் பார்த்துக்கொள் என்று தன் பருமனைத் தானே கேலி செய்துகொண்டாள். அவளுக்கு ஒரு பெரிய ஹோட்டலில் வரவேற்பு மேஜை உத்தியோகம். வாரம் முழுக்க முன்பின் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையானால் யாரையாவது அதட்டியாக வேண்டும் என்று தம்பி வீட்டுக்கு வந்துவிடுவாள்.

தம்பி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எழுந்துபோய்க் கார் சாவியை எடுத்துக்கொண்டான். அவன் லிஃப்ட் மெக்கானிக். வேலையிடத்திலும் சரி, வீட்டிலும் சரி, வார்த்தையை அளந்துதான் போடுவான். அவனைக் கல்யாணம் செய்துகொண்டு இன்னும் ஒரு வருஷம் முடியாத அவளுக்கு அந்த மௌனம் பழகிப்போயிருந்தது. ஆனால் அன்று அவன் ஷூவுக்கு நாடா கட்டியதைப் பார்த்தபோது என்னவோ போலிருந்தது. கட்டினான், அவிழ்த்தான், மறுபடி கட்டினான்.

அவளுக்குப் பல்செட் செய்யும் கூடத்தில் வேலை. டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அவள் அதில் பிளாஸ்டர் மாவுக் குழம்பை ஊற்றி, காய்ந்ததும் பிரித்து, மெழுகில் ஈறு செய்து, பற்களை ஒவ்வொன்றாகப் பதிப்பாள். முகம் தெரியாதவர்களின் வாய்கள் மட்டும் அவள் மேஜைமேல் வரிசையாகத் திறந்து கிடக்கும். முன்பல் இரண்டுக்கும் நடுவே இழையளவு இடைவெளி விட்டுப்போனால்கூட, போட்டுக்கொள்கிறவர் பேசும்போது 'ச' வருகிற இடத்தில் மெல்லிய சீட்டிச் சத்தம் கேட்கும். ஆள் வந்து குறை சொல்வதற்கு முன்பே அவள் காது அதைப் பிடித்துவிடும்.

அவள் கணவனின் முதல் மனைவி ஒரு காய்ச்சலில் படுத்தவள், எழுந்திருக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்போது குழந்தை சரியாகப் பேசக்கூட ஆரம்பிக்கவில்லை. இப்போது பள்ளிக்கூடம் போகிறது. எல்லாரும் சிட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். சிட்டு புதிதாக வந்தவளிடம் முரண்டு பிடித்ததில்லை, அழுததில்லை. ஊட்டினால் சாப்பிடும், வாரினால் தலையைக் கொடுக்கும். ஆனால் அவளை ஒன்றும் கூப்பிடாது. அம்மா என்றும் இல்லை, சித்தி என்றும் இல்லை. ஏதாவது வேண்டுமென்றால் அவள் இருக்கிற இடத்துக்கு வந்து, அவள் நிமிர்ந்து பார்க்கிறவரை எதிரே நின்றுகொண்டிருக்கும். கூப்பிட ஒரு சொல் இல்லாத குழந்தை அந்த வீட்டுக்குள் எவ்வளவு நடக்க வேண்டியிருந்தது என்று நினைத்தால் அவளுக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

வீட்டுக் கூடத்துச் சுவரில் முதலாமவளின் படம் மாட்டியிருந்தது. வாயைத் திறக்காமல், உதட்டோரத்தில் மட்டும் சிரிக்கிற முகம். தூசி தட்டும்போதெல்லாம் "கொஞ்சம் பொறுத்துக்குங்கக்கா" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் அவள் துணியை வைப்பாள். அக்கா என்று நினைத்துக்கொண்டால் பயம் பாதியாகக் குறைந்தது.

காட்டின் ஓரத்தில் சரளை கொட்டிய இடத்தில் காரை நிறுத்தினார்கள். அங்கே ஒரு வரைபடப் பலகையும் கழிப்பறையும் காவலருக்கு ஒரு சின்ன அறையும் இருந்தன. எந்தப் பாதை சுலபம், எது கடினம் என்று மரங்களில் வர்ணம் பூசியிருந்தார்கள். மஞ்சள் கோடு போட்ட மரங்களைப் பிடித்துக்கொண்டு போனால் ஏரி வந்துவிடும். கொஞ்ச தூரத்துக்கு எதிரே ஆட்கள் வந்தார்கள். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு ஜோடி, கைத்தடியோடு ஒரு கிழவர். அதற்குப் பிறகு ஈ காக்கை இல்லை. நாத்தனாரின் மூச்சிரைப்பும் காய்ந்த இலைகள் நொறுங்குகிற சத்தமும்தான்.

ஒரு திருப்பத்தில் அவன் திடீரென்று தலையைக் குனிந்துகொண்டான். எதற்கென்று அவளுக்குப் புரியவில்லை. இரண்டு எட்டு வைத்துத் திரும்பிய பிறகுதான், பாதைக்குக் குறுக்கே தாழ்ந்து தொங்கிய கிளை அவள் கண்ணுக்குத் தெரிந்தது. கண்ணில் படுவதற்கு முன்பே அவன் உடம்புக்கு அது தெரிந்திருந்தது.

அவள் நடையைத் தளர்த்தி நாத்தனாரோடு சேர்ந்துகொண்டாள். "அண்ணி, இவர் இங்க வந்திருக்காரா?"

நாத்தனார் குரலை இறக்கினாள். அந்த நாளில் லீவு விட்டால் தம்பியும் முதல் பெண்டாட்டியும் இங்கேதான் கிடப்பார்களாம். வயிற்றுப்பிள்ளையோடும் வந்தாளாம், பிறந்த பிறகு மார்பில் கட்டிக்கொண்டும் வந்தாளாம். அவள் போன பிறகு தம்பி இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. எத்தனை நாளைக்குத்தான் ஒரு ஏரிக்குப் பயந்துகொண்டிருப்பது என்றுதான் கிளப்பிக்கொண்டு வந்ததாகச் சொன்னாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி."

"சொன்னா நீ வந்திருப்பியா?"

வந்திருக்கமாட்டாள்தான். வீட்டுக்காரி இல்லாத நேரத்தில் அவள் வீட்டுக்குள் நுழைந்து சுற்றிப் பார்க்கிறாற்போல அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

சிட்டு எல்லாருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் அதன் இடதுகையை அவள் கவனித்தாள். வலதுகை வீசி நடந்தது, குச்சி பொறுக்கியது, மூக்கைத் துடைத்தது. இடதுகை மட்டும் உடம்பிலிருந்து கொஞ்சம் விலகி, விரல்கள் லேசாக மடிந்து, மேல்நோக்கி நின்றது. உயரமான ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு போகிற குழந்தையின் கை அப்படித்தான் இருக்கும். பாதை குறுகிய இடத்தில் சிட்டு ஒதுங்கி நின்றது, ஒரு ஆள் கடந்துபோகிற நேரம் பொறுத்தது, பிறகு நடந்தது. அவள் நாத்தனாரிடம் காட்டினாள். நாத்தனார் பார்த்தாள். "புள்ளைங்க ஆயிரம் விளையாட்டு விளையாடும். நீ வேற" என்றாள். ஆனால் அதற்குப் பிறகு மூச்சு வாங்குகிறது என்று சொல்லிக்கொண்டு, குழந்தைக்குப் பக்கத்தில் போகாமல் பின்தங்கியே வந்தாள்.

மரங்கள் சட்டென்று விலகி ஏரி தெரிந்தது. பெரிய ஏரி என்று சொல்ல முடியாது. சுற்றிலும் காடு, அக்கரையில் செங்குத்தாக ஒரு பாறைச் சுவர். தண்ணீர் கறுப்பாக, ஆடாமல் அசையாமல், யாரோ மூடிவைத்த பாத்திரம்போல இருந்தது. அவ்வளவு தண்ணீர் இருந்தும் ஒரு பறவை இல்லை. கரையோரத்தில் மரப்பலகைகளால் ஒரு மேடை கட்டியிருந்தார்கள். அதில் துணியை விரித்து உட்கார்ந்து ரொட்டியும் அவித்த முட்டையும் ஆரஞ்சும் சாப்பிட்டார்கள். அவன் ஏரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான்.

அந்த அமைதி நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. கையை வாய்க்குக் குவித்து, "யாரு அங்க?" என்று கத்தினாள். பாறைச் சுவர் 'அங்க' என்று திருப்பிச் சொன்னது. சிட்டு சிரித்துவிட்டது. நாத்தனாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அறை காலி இல்ல" என்று ஹோட்டல் குரலில் கத்தினாள். 'இல்ல' என்றது பாறை. சிட்டு தன் பேரைச் சொல்லிக் கத்தியது, வந்தது. அத்தை என்று கத்தியது, வந்தது. அப்பாவைக் கூப்பிட்டது, அதுவும் பத்திரமாகத் திரும்பி வந்தது.

பிறகு சிட்டு மேடையின் விளிம்புக்குப் போய் நின்று, கத்தாமல், சாதாரணமாகப் பக்கத்து அறைக்குக் கேட்கிறாற்போல, "அம்மா" என்றது. மற்ற சொற்களைவிட மெதுவாகச் சொன்னதால் வராது என்று அவள் நினைத்தாள். குழந்தையும் அப்படித்தான் நினைத்ததோ என்னவோ, மூச்சை இழுத்து அடிவயிற்றிலிருந்து மறுபடி கத்தியது. "அம்மா."

ஒன்றும் வரவில்லை.

காத்திருந்தார்கள். அத்தனை பேருடைய குரலையும் தட்டிக்கழிக்காமல் திருப்பிக் கொடுத்த பாறை அந்த ஒரு சொல்லை மட்டும் கொடுக்கவில்லை. யாரோ வழியிலேயே வாங்கி வைத்துக்கொண்டாற்போல இருந்தது. அவன் எழுந்து நின்றான். அவன் கையிலிருந்த ஆரஞ்சுச் சுளை கீழே விழுந்தது. காற்று மாறியிருக்கும் என்று நாத்தனார் சொல்லிப் பார்த்தாள். அங்கே காற்றே இல்லை. அவன் யாரையும் பார்க்காமல் மரங்களுக்கு நடுவே நடந்து போய்விட்டான். நாத்தனார் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு படுத்துவிட்டாள். தூங்கவில்லை என்பது மூச்சிலேயே தெரிந்தது.

அவள் ஆரஞ்சுத் தோலைப் பையில் போட்டாள், துணியை உதறி மடித்தாள். கைக்கெட்டும் தூரத்தில்தான் சிட்டு இருந்தது. மடித்துவிட்டு நிமிர்ந்தபோது இல்லை.

மடித்த துணியைப் போட்டுவிட்டு எழுந்தாள். கூப்பிட்டாள். நாத்தனார் துள்ளி எழுந்தாள். அவனும் ஓடிவந்தான். குழந்தை அப்பாவைத் தேடிப் போயிருக்கலாம் என்று அவன் வந்த பாதையில் ஓடினான். திரும்பி வந்தால் ஆள் இருக்க வேண்டுமே என்று நாத்தனார் மேடையிலேயே நின்றாள். அவள் கரையைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் போனாள்.

அந்தப் பக்கம் பாதை கிடையாது. கோரைப்புல்லும் சேறும் விழுந்து கிடக்கிற மரங்களும்தான். ஷூவைச் சேறு பிடித்து இழுத்தது. "சிட்டு, சிட்டு" என்று கூப்பிட்டுக்கொண்டே போனாள். ஒவ்வொரு தடவையும் பாறை அவள் குரலைத் திருப்பிச் சொன்னது. கொஞ்ச நேரத்தில், எது தான் கூப்பிட்டது, எது பாறை சொன்னது என்றே அவளுக்குக் குழம்பிப்போனது.

அப்போது இன்னொரு குரல் கேட்டது. கோரைக்கு அப்பால், வெகு பக்கத்தில். பெண் குரல். அவசரமில்லாமல், பழக்கப்பட்ட அதட்டலோடு.

"சிட்டு, அங்கயே நில்லு. சொல்றேன்ல, நில்லு."

நாத்தனார் எப்படியோ சுற்றி வந்துவிட்டாள் என்று ஒரு கணம் உயிர் வந்தது. அடுத்த கணமே அவள் காது வேறொன்றைப் பிடித்தது. சிட்டு என்றபோதும் சொல்றேன்ல என்றபோதும், 'ச' வந்த இடத்தில் மெல்லிய சீட்டிச் சத்தம். நாத்தனாருக்கு அது கிடையாது. அங்கே வந்திருந்த யாருக்கும் கிடையாது. கையில் ரோமம் சிலிர்த்துக்கொண்டது. கால் மட்டும் நிற்காமல் குரல் வந்த திசைக்கு ஓடியது.

கோரையை விலக்கினாள். ஒரு பெரிய மரம் வேரோடு சாய்ந்து ஏரிக்குள் நீண்டு கிடந்தது. அதன் பாதிக்கும் அப்பால், தண்ணீருக்கு மேலே, சிட்டு நின்றுகொண்டிருந்தது. முகம் அக்கரைப் பக்கம். ஒரு கால் முன்னால் எடுத்து வைத்தபடியே உறைந்து நின்றது. அது கால் வைக்க இருந்த இடத்தில் கட்டை உளுத்துப்போய், தொட்டால் உதிர்கிற பதத்தில் இருந்தது. சுற்றிலும் வேறு யாரும் இல்லை. கோரையில் ஒரு புல்கூட ஆடவில்லை.

கட்டைமேல் போனால் ஆட்டத்தில் குழந்தை விழுந்துவிடும். அவள் தண்ணீருக்குள் இறங்கினாள். முழங்கால், இடுப்பு, மார்பு. குளிர் பல்லைக் கிட்டவைத்தது. கட்டையைப் பிடித்துக்கொண்டே போய் இரண்டு கையையும் நீட்டினாள். சிட்டு அவளைக் குனிந்து பார்த்தது. பிறகு தலையைத் தூக்கி அக்கரையைப் பார்த்தது.

"அம்மா கூப்பிட்டாங்க. அதான் வந்தேன்" என்றது. "அப்புறம் நீங்க கூப்பிட்டீங்க. உடனே அவங்க நில்லுன்னு சொல்லிட்டாங்க."

கழுத்துவரை தண்ணீரில் நிற்கிறாற்போல அவளுக்கு மூச்சு முட்டியது. கூப்பிட்டதும் அக்காதான், நிறுத்தியதும் அக்காதான். பெற்றவளின் ஏக்கம் கூப்பிட்டிருக்கிறது. பின்னாலேயே ஒருத்தி தொண்டை கிழியத் தேடிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டதும் கையை விட்டுவிட்டிருக்கிறது. அவள் அக்கரையைப் பார்த்தாள். "அக்கா, கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டே விட்டாள். கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றாள். பதில் வந்தால் பயம், வராவிட்டாலும் பயம். தண்ணீர் அசையவில்லை. கால் மரத்துப்போக ஆரம்பித்ததும் குழந்தையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினாள். அதன் இடதுகை அவள் முதுகுக்குப் பின்னால் ஏரியை நோக்கி நீண்டபடியே வந்தது. மேடை கண்ணில் பட்ட பிறகுதான் அது மடங்கி அவள் கழுத்தைச் சுற்றிக்கொண்டது.

நாத்தனார் பேயறைந்தாற்போல நின்றிருந்தாள். பாதையில் தேடிப்போன அவனும் வந்து சேர்ந்துகொண்டான், காவலர் அறையில் கம்பளி கொடுத்தார்கள். ஹீட்டர் பக்கத்தில் சிட்டு தூங்கிவிட்டது. நாத்தனார் காரைத் திறக்கப் போனபோது அவளும் அவனும் தனியாக இருந்தார்கள். அவள் நேரடியாகச் சொல்லாமல், அக்காவுக்கு முன்பல்லில் இடைவெளி உண்டா என்று மட்டும் கேட்டாள்.

அவன் நிமிர்ந்த வேகத்தில் நாற்காலி நகர்ந்தது. "யார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. இடைவெளி இருந்ததாம், அதனால்தான் போட்டோ எடுக்கிறபோதெல்லாம் முதலாமவள் வாயை மூடிக்கொள்வாளாம். வாழ்நாள் முழுக்க வெட்கப்பட்டாளாம். இவள் ஏரியில் நடந்ததைச் சொன்னாள். அவன் பயந்துபோவான், இல்லாவிட்டால் நம்பமாட்டான் என்றுதான் அவள் எதிர்பார்த்தாள். இரண்டும் இல்லை. அவன் முகத்தில் தெரிந்தது பொறாமை.

"அந்தச் சத்தம் எனக்கு மறந்துபோச்சு" என்றான். "எவ்வளவோ யோசிச்சும் வரல. நானும் அங்கதானே இருந்தேன். எங்கிட்ட ஏன் பேசல?"

அவள் சிட்டுவின் கம்பளியை இழுத்துப் போர்த்திவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் தனியாகப் போனான். அதற்கு அடுத்த வாரமும் போனான். ஷூவில் சேறோடு திரும்பி வருவான். ஒருநாள் அவளே கேட்டாள். எதைக் கத்தினாலும் பாறை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுகிறது என்றான். முதலாமவளின் பேரைக்கூட. நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, ஏரிக்குக் கிளப்பிக்கொண்டு போன பாவம் தன்னுடையது என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவனுக்குச் சாப்பாடு குறைந்தது. வேலையில் கவனம் தப்பி, லிஃப்ட் கதவில் விரலை நசுக்கிக்கொண்டு வந்தான். வீட்டுக்குள் இருந்துகொண்டே வெளியே நிற்கிறவன்போல ஆகிவிட்டான்.

மழை பிடித்த ஒரு சாயங்காலம். அவள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றிருந்தாள். அவன் வந்து வாசற்படியில் சாய்ந்தான். கட்டுப்போட்ட விரலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒரே ஒரு தடவை சொல்லிக் காட்டேன். அவ சொன்ன மாதிரி" என்றான். "உனக்குத் தெரியும். உன்னால முடியும்."

அவளால் முடியும்தான். நாக்கு நுனியை எங்கே வைத்துக் காற்றை எப்படி விட்டால் அந்தச் சீட்டி வரும் என்று பல்செட் கூடத்து மேஜையில் அவளுக்கு அத்துப்படி. முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். தாகத்தில் நிற்கிறவனுக்கு முன்னால் செம்பை ஒளித்துவைக்க மனம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஏரிக்கரையில் கேட்ட அதே குரலில், மெல்லச் சொன்னாள்.

"சிட்டு, சீக்கிரம் வா."

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். அதே நேரம் உள்ளறையில் பென்சில் உருளும் சத்தமும், "வர்றேம்மா" என்ற குரலும், ஓடிவருகிற காலடியும் கேட்டன.

சிட்டு அப்பாவின் கைக்கு அடியில் புகுந்து சமையலறைக்குள் வந்து நின்றது. மூச்சு வாங்கியது. அடுப்பைப் பார்த்தது, கதவுக்குப் பின்னால் பார்த்தது, மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தது. முகம் அப்படி மலர்ந்து அவள் அதற்குமுன் பார்த்ததில்லை. அது கொஞ்சம் கொஞ்சமாக அணைந்ததையும் பார்த்தாள். செத்துப்போகலாம் போலிருந்தது.

"எங்க?" என்றது சிட்டு.

"இங்க யாரும் இல்லடா. நான்தான் அப்படிப் பேசினேன்."

"எதுக்கு?"

அவள் கணவனைப் பார்க்கவில்லை. "தப்புதான். இனிமே பேசமாட்டேன்."

சிட்டு யோசித்தது. பெரியவர்களுக்கு ஒரு விஷயத்தை விளக்கிச் சொல்கிற பொறுமையோடு, "அப்படிப் பேசாதீங்க" என்றது. "அவங்க நிஜமாவே கூப்பிட்டா, நீங்கன்னு நினைச்சு நான் போகாம இருந்துடுவேன். நீங்கன்னு நினைச்சு அவங்ககிட்டப் போயிட்டாலும் தப்பாயிடும். உங்க குரல்லயே கூப்பிடுங்க."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் அணைக்கவில்லை. அவன் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்து குழந்தையைக் கட்டிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. மனைவி போனபோதுகூட அவன் அழவில்லை என்று நாத்தனார் ஒருமுறை சொல்லியிருந்தாள். அன்றைக்கு அழுதான். சிட்டு அவன் தலையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, "அப்பா, கை நசுங்குது" என்றது.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு, தீய்ந்த வாடை போகட்டும் என்று ஜன்னலைத் திறந்தாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. கையில் துணியை எடுத்துக்கொண்டு வழிந்ததைத் துடைத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் காரை எடுக்கவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. போக வேண்டாம் என்று யாரும் சொல்லவும் இல்லை.

சிட்டு பழையபடி வந்து எதிரேதான் நிற்கிறது, அவள் நிமிர்கிறவரை. ஆனால் அவள் ஏதாவது வேலைக்காக உள்ளேயிருந்து அதைக் கூப்பிட்டால், உடனே வருவதில்லை. ஒரு கணம் அமைதியாக இருக்கும். எந்தக் குரல் என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறது. பிறகுதான் காலடிச் சத்தம். அந்த ஒரு கணத்தில் அவளும் கையிலிருக்கிற வேலையை நிறுத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.